மெஷின் சொன்னதுதான் கணக்கு

மகன் குடும்பம் பாரீஸ் புறநகரில் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்பு அங்கே போயிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பேரன் என்னைத் தெருமுனை 'கஃபே'வுக்கு அழைத்துப் போனான். காப்பி, பீர், சிகரெட், லாட்டரிச் சீட்டு எல்லாம் ஒரே கல்லாவில் விற்கும் சாதாரணக் கடை. உள்ளே சுவரோரமாக, நம் வீட்டு மர பீரோ உயரத்துக்கு ஒரு பெட்டி நின்றுகொண்டிருந்தது. மேலே வட்டப் பலகை, சுற்றிலும் கண்சிமிட்டும் விளக்குகள், கீழே காசு போடும் துவாரம்.

"தாத்தா, ஃப்ளெஷெத் ஆடலாமா?" என்றான்.

ஃப்ளெஷெத் என்றால் பிரெஞ்சில் சின்ன அம்பு. ஆங்கிலத்தில் டார்ட்ஸ். பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல் எனக்கு வேறு விதமாகத்தான் அறிமுகம் ஆனது. முதல் உலகப் போரின் தொடக்கத்தில் பிரெஞ்சு விமானங்களிலிருந்து கீழே நின்ற படைகள் மேல் கொத்துக் கொத்தாகக் கொட்டினார்களே எஃகு முட்கள், அவற்றுக்கும் அதே பெயர். அதனால் காப்பிக் கடையில் அந்தச் சொல்லைக் கேட்டதும் கொஞ்சம் திடுக்கென்றிருந்தது.

ஆட்டம் 501லிருந்து தொடங்கியது. எறிந்து எடுக்கும் புள்ளிகளை அதிலிருந்து கழித்துக்கொண்டே வரவேண்டும். பேரனின் முதல் அம்பு பலகையில் பட்டுத் தெறித்துத் தரையில் விழுந்தது. பெட்டி ஒரு சத்தம் போட்டு இருபதைக் கழித்துக்கொண்டது. இரண்டாவது அம்பு நன்றாகக் குத்தி நின்றது. பெட்டி பேசாமல் இருந்தது, ஒரு புள்ளிகூடக் கழியவில்லை.

"என்னப்பா இது? கீழே விழுந்ததுக்குக் கொடுக்குது, குத்தி நிக்கிறதுக்குக் கொடுக்க மாட்டேங்குதே?" என்று கேட்டேன்.

அவன் தோளைக் குலுக்கினான். "மெஷின் சொல்றதுதான் கணக்கு, தாத்தா" என்று சொல்லிவிட்டு மூன்றாவதை எறியப் போய்விட்டான்.

முப்பத்தைந்து வருடம் அரசு அலுவலகத்தில் கணக்கு எழுதியவன் காதில் இப்படி ஒரு வாக்கியம் விழுந்தால் அன்று இரவு தூக்கம் வருமா? எங்கள் பிரிவில் ஒரு பக்கத்துக் கூட்டலை இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டு, இரண்டும் ஒத்துப்போனால்தான் கீழே சிவப்பு மையில் கோடு இழுப்போம். ஊர் திரும்பிய பிறகு இந்த விளையாட்டின் சரித்திரத்தைத் தேடித் தேடிப் படித்தேன். எஃகு முனை அம்பால் நார்ப் பலகையில் ஆடுவது பழைய டார்ட்ஸ். பிளாஸ்டிக் முனை அம்பால் மின்னணுப் பலகையில் ஆடுவது புதிய டார்ட்ஸ். இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்றால் எல்லோரும் முனையைத்தான் சொல்கிறார்கள். படித்து முடித்தபோது எனக்குத் தோன்றியது, முனை சின்ன விஷயம். கணக்கு யார் கையில் இருக்கிறது என்பதுதான் பெரிய விஷயம்.

முதலில், 'பழையது' என்கிறோமே, அது எவ்வளவு பழையது?

எட்டாம் ஹென்றி மன்னருக்கு 1532இல் ஆன் பொலின் டார்ட்ஸ் பரிசளித்தார் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அவை வேட்டைக்கு உரிய எறி ஈட்டிகள். அவற்றுக்கும் சுவரில் மாட்டும் பலகைக்கும் சம்பந்தம் இல்லை. இன்று நாம் பார்க்கும் டார்ட்ஸ் இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு. இங்கிலாந்தின் பப்களில், அதாவது அங்குள்ள தொழிலாளிகள் மாலையில் கூடும் மதுக்கடைகளில், வளர்ந்தது. அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் எறிந்த அம்பு மரத்தால் ஆனது. நடுவில் ஈயப் பட்டை, வாலில் வான்கோழி இறகு. பெரும்பாலும் பிரான்சில் செய்து வந்ததால் அதற்கு 'பிரெஞ்சு டார்ட்' என்றே பெயர். (பிரான்சின் வடக்கு மாவட்டங்களில் இன்றும் ழாவ்லோ என்று ஒரு ஆட்டம் இருக்கிறது. இறகு கட்டிய பெரிய கனத்த அம்பைக் கையைக் கீழிருந்து வீசி மரக் குறியில் எறிவார்கள். அது தனிக் கதை.)

பலகையும் மரம்தான். எல்ம் மரத்தின் குறுக்குவெட்டு. நாள் முழுக்கக் குத்துப்பட்ட பலகையை ராத்திரி தண்ணீரில் ஊறவைத்தால் மரம் உப்பி ஓட்டைகள் மூடிக்கொள்ளும். மறுநாள் எடுத்து மாட்டுவார்கள். ஊருக்கு ஊர் பலகை வேறு. யார்க்‌ஷயர் பலகையில் மும்மடங்கு வளையம் கிடையாது. மான்செஸ்டர் பலகை அளவில் சிறியது, எண் வரிசையும் வேறு. லண்டன் கிழக்குப் பகுதியில் ஐந்து, பத்து, பதினைந்து, இருபது மட்டுமே உள்ள பலகை. நிற்கும் தூரமும் அப்படித்தான்: ஓரிடத்தில் எட்டு அடி, இன்னோரிடத்தில் ஒன்பது. இன்றைய 7 அடி 9¼ அங்குலம் 1970களில்தான் சர்வதேச அளவாக முடிவானது. மீட்டர் கணக்கில் படித்த எனக்கு இந்த ஒன்பதேகால் அங்குலம் வேடிக்கையாக இருந்தது. 2.37 மீட்டர் என்று மாற்றிப் பார்த்த பிறகுதான் மனம் அமைதியானது.

எண்களின் வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். உச்சியில் 20. அதற்கு இரு பக்கமும் 1, 5. பெரிய எண்ணைக் குறிபார்த்துத் தவறினால் சின்ன எண்ணில் போய் விழ வேண்டும் என்ற ஏற்பாடு. 1896இல் லங்காஷயரில் பரி என்ற ஊரைச் சேர்ந்த பிரையன் கேம்லின் என்ற தச்சர் இதை அமைத்தார் என்று ஒரு கதை உண்டு. யார்க்‌ஷயர்க்காரர்களுக்கு வேறொருவர் பெயர். இரண்டுக்கும் பத்திரம் இல்லை. ஆனால் வரிசை எவ்வளவு கெட்டிக்காரத்தனமானது என்பதற்குக் கணக்கே சாட்சி. பக்கத்துப் பக்கத்து எண்களின் வித்தியாசங்களை எல்லாம் கூட்டினால் 198 வருகிறது. 1 முதல் 20 வரை எண்களை வட்டமாக எப்படி மாற்றி மாற்றி வைத்தாலும் 200ஐத் தாண்ட முடியாது. யாரோ ஒருவர், கால்குலேட்டர் இல்லாமல், உச்சவரம்புக்கு இரண்டு குறைவாகக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். நான் இதை நம்பாமல் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன்.

1908இல் லீட்ஸ் நகரத்தில் நடந்ததாகச் சொல்லும் வழக்கும் கிட்டத்தட்ட கதைதான். டார்ட்ஸ் அதிர்ஷ்ட விளையாட்டு, சூதாட்டம் என்று ஒரு பப் உரிமையாளர் மேல் வழக்கு. அவர் ஊரின் சிறந்த ஆட்டக்காரர் அனாக்கின் என்பவரை நீதிமன்றத்துக்கே அழைத்து வந்தார். பலகை மாட்டப்பட்டது. அனாக்கின் மூன்று அம்பையும் இருபதில் குத்தினார். பிறகு நீதிமன்ற குமாஸ்தாவை எறியச் சொன்னார்கள். அவர் எறிந்தது எதுவும் அங்கே போகவில்லை. இது திறமைதான், அதிர்ஷ்டம் இல்லை என்று வழக்கு தள்ளுபடி. இதற்கும் நீதிமன்ற ஆவணம் அகப்படவில்லை. கோப்பு இல்லாத வழக்கை நான் நம்பக் கூடாது. ஆனால் குமாஸ்தாவின் நிலைமை மட்டும் எனக்கு நன்றாகவே கண்ணுக்குத் தெரிகிறது.

நார்ப் பலகை வந்தது 1930களின் தொடக்கத்தில். நோடார் என்ற கம்பெனி. வாடை இல்லாத களிமண் செய்து விற்றவர்கள், அதனால்தான் அந்தப் பெயர். முதலில் களிமண்ணிலேயே பலகை செய்து பார்த்தார்கள், யாருக்கும் பிடிக்கவில்லை. பிறகு சைசல் நாரைப் பிடித்தார்கள். நம் ஊரில் ரயில் பாதை ஓரமாக வளர்ந்து நிற்கிறதே கூர்முனைக் கற்றாழை, அதே குடும்பத்துச் செடியின் நார். நாரைச் சிறு கட்டுகளாக வெட்டி, வெட்டுமுனை வெளியே பார்க்கும்படி நெருக்கி அழுத்தி இரும்பு வளையத்துக்குள் அடைத்தால் பலகை. எஃகு முனை உள்ளே போகும்போது நார் விலகி இடம் கொடுக்கிறது, பிடுங்கினால் மறுபடி சேர்ந்துகொள்கிறது. ஊறவைக்கத் தேவையில்லை. 'பிரிசில்' பலகை என்ற பெயரைக் கேட்டுப் பன்றி மயிர் என்று நினைப்பவர்கள் உண்டு. அதில் மயிர் எதுவும் இல்லை.

இந்தப் பலகையும், லண்டன் எண் வரிசையும் நாடு முழுக்கப் பரவியதற்கு மதுவடிப்பாலைகள் நடத்திய லீக் போட்டிகளும் பத்திரிகைகளும் காரணம். 'நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு' என்ற ஞாயிறு பத்திரிகை 1927இல் லண்டன் வட்டாரத்தில் போட்டி தொடங்கியது. 1939 இறுதி ஆட்டத்தைப் பார்க்க லண்டன் இஸ்லிங்டன் மண்டபத்தில் பதினாலாயிரத்துக்கு மேல் கூட்டம். அதற்கு ஒன்றரை வருடம் முன்னால், 1937 டிசம்பரில், ஆறாம் ஜார்ஜ் மன்னரும் ராணியும் ஸ்லவ் நகரச் சமூக மையத்தில் ஆளுக்குச் சில டார்ட் எறிந்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. உடனே பெண்களும் பப்பில் ஆட ஆரம்பித்தார்கள். ஆக, இன்று 'பரம்பரை டார்ட்ஸ்' என்று மரியாதையோடு சொல்வது பெரும்பாலும் 1930களில் ஒழுங்கான உருவம் பெற்றது. என்னைவிடப் பத்து இருபது வயதுதான் மூத்தது.

இப்போது கணக்குக்கு வருகிறேன்.

பப்பில் பலகைக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை இருக்கும். ஜெயித்தவர் நிற்பார், அடுத்து அவரோடு ஆட விரும்புபவர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு நடக்கிற ஆட்டத்துக்குக் கணக்கு எழுதுவார். அதாவது வரிசையில் காத்திருப்பதற்குக் கட்டணம் கணக்கெழுதும் வேலை. ஒவ்வொருவரும் மூன்று அம்பு எறிந்ததும், அவர் கூட்டிச் சொல்லி, மீதியிலிருந்து கழித்து எழுத வேண்டும். மும்மடங்கு பத்தொன்பது, ஒற்றை ஐந்து, இருமடங்கு பன்னிரண்டு என்றால் எண்பத்தாறு; 347இல் போனால் 261. தாளில் போட்டுப் பார்க்க நேரம் கிடையாது. எறிந்தவர், எதிராளி, பின்னால் கிளாஸோடு நிற்பவர்கள் எல்லோரும் அதே கழித்தலை மனசுக்குள் போட்டுக்கொண்டிருப்பார்கள். தப்பாக எழுதினால் நாலு குரல் சேர்ந்து எழும்பும்.

ஆட்டத்தை முடிக்கும் விதம் இன்னும் நுணுக்கம். கடைசி அம்பு இருமடங்கு வளையத்தில் (அல்லது நடுப்பொட்டில்) விழுந்து, மீதி சரியாகப் பூஜ்யம் ஆக வேண்டும். அந்த வளையத்தின் அகலம் 8 மில்லிமீட்டர்தான். அதனால் நல்ல ஆட்டக்காரர்கள் மீதியை 32இல் கொண்டுவந்து நிறுத்தப் பார்ப்பார்கள். இருமடங்கு பதினாறுக்கு எறிந்து, அம்பு ஒற்றைப் பதினாறில் விழுந்தாலும், மீதி 16, அதற்கு இருமடங்கு எட்டு. அங்கேயும் தவறினால் 8, பிறகு 4, பிறகு 2. பாதி பாதியாகப் போய்க்கொண்டே இருக்கும், ஒற்றைப்படையில் மாட்டிக்கொண்டு ஒரு அம்பை வீணாக்க வேண்டியதில்லை. மூன்று அம்பில் முடிக்கக்கூடிய அதிகபட்சம் 170. அதற்குக் கீழே 169, 168, 166, 165, 163, 162, 159 ஆகிய ஏழையும் மூன்று அம்பில் முடிக்க முடியாது. பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுச் சுரங்கத்துக்கும் ஆலைக்கும் போனவர்கள் இந்தக் கணக்கை எல்லாம் விரல்நுனியில் வைத்திருந்தார்கள். எங்கள் லிசேயில் 'கால்குல் மாந்தால்' என்று ஒரு பாடம், மனக்கணக்கு. ஆசிரியர் அளவுகோலால் மேஜையைத் தட்டுவார், அதற்குள் விடையைச் சொல்ல வேண்டும். இந்தப் பப்காரர்கள் அந்த வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள்.

501ஐ முடிக்கக் குறைந்தபட்சம் ஒன்பது அம்பு வேண்டும். தொலைக்காட்சியில் முதன்முதலாக அதைச் செய்தவர் ஜான் லோ, 1984 அக்டோபர் 13, ஸ்லவ் நகரத்தில். முதல் ஆறு அம்பும் மும்மடங்கு இருபது. மீதி 141. மும்மடங்கு பதினேழு, மும்மடங்கு பதினெட்டு, இருமடங்கு பதினெட்டு. 51, 54, 36. அதற்குப் பரிசு 1,02,000 பவுண்ட்.

அதே வருடங்களில், கடலுக்கு அப்பால் அமெரிக்காவில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அங்கே மதுக்கடையின் அமைப்பு வேறு. பில்லியர்ட்ஸ் மேஜை, பாட்டுப் பெட்டி, பின்பால் இயந்திரம் எல்லாம் கடைக்காரருடையவை அல்ல. 'ஆபரேட்டர்' என்று ஒருவர் இருப்பார். அவர் இயந்திரங்களை வாங்கிப் பல கடைகளில் வைத்து, வாரம் ஒருமுறை வந்து உண்டியலைத் திறந்து, கடைக்காரரோடு பங்கு பிரித்துக்கொள்வார். நார்ப் பலகையால் இவருக்கு ஒரு காசும் இல்லை. ஒருமுறை வாங்கி மாட்டினால் வருடக்கணக்கில் இலவசமாக ஆடுவார்கள். தவிர, குடித்தவர்கள் கையில் எஃகு முனை என்றால் கடைக்காரருக்கும் பயம்.

இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்ட் வட்டாரத்தில் அரக்னிட் என்ற சிறு கம்பெனி, 1970களின் பிற்பகுதியில், இதற்கு ஒரு வழி கண்டது. நார்ப் பலகை மேல் இருக்கும் கம்பிச் சட்டத்துக்கு ஆங்கிலத்தில் 'சிலந்தி' என்று பெயர்; கம்பெனியின் பெயரும் சிலந்தி இனத்தைக் குறிக்கும் சொல்தான். அவர்களுடைய பலகையில் நார் இல்லை. இருபது கூறுகள், ஒவ்வொன்றிலும் நாலு துண்டு, நடுவில் இரண்டு வட்டம், ஆக 82 பிளாஸ்டிக் துண்டுகள். ஒவ்வொன்றிலும் சல்லடை போல ஓட்டைகள். பிளாஸ்டிக் முனை ஓட்டைக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். துண்டு கொஞ்சம் பின்னால் நகரும், அங்கே உள்ள மெல்லிய தகட்டில் இரண்டு மின்தொடுகைகள் சேரும். எந்த வரிசை, எந்த நிரல் என்று பார்த்து உள்ளே உள்ள சில்லு எண்ணைக் கண்டுபிடித்துவிடும். தட்டச்சுப் பலகையில் எந்த எழுத்தை அழுத்தினோம் என்று கம்ப்யூட்டர் கண்டுகொள்கிறதே, அதே தந்திரம்தான்.

இதை வைத்துப் பார்த்தால் அன்றைக்கு அந்தக் கஃபேயில் நடந்தது புரிந்துவிடும். துண்டு நகர்ந்ததா என்பது மட்டும்தான் பெட்டிக்குத் தெரியும். அம்பு நிற்கிறதா விழுந்ததா என்று அது பார்ப்பதில்லை. கண் கிடையாது. வேகமாகப் பட்டுத் தெறித்தால் துண்டு நகர்ந்துவிட்டது, புள்ளி உண்டு. மெல்லப் போய்ச் சொருகி நின்றால் துண்டு போதுமான அளவு நகரவில்லை, புள்ளி இல்லை. பழைய விதி இதற்கு நேர் எதிர். எறிந்தவர் போய்ப் பிடுங்கும் வரை முனை பலகையில் இருந்தால்தான் புள்ளி. தெறித்து விழுந்தால் எவ்வளவு அழகாகப் பட்டிருந்தாலும் பூஜ்யம். அமெரிக்கப் போட்டி விதிகளில் இயந்திரம் எப்போதும் சரி என்றே எழுதி வைத்துவிட்டார்கள். ஒரே ஒரு விலக்கு, ஆட்டத்தை முடிக்கும் கடைசி அம்பு. அது சரியான இடத்தில் குத்தி நின்றும் இயந்திரம் கவனிக்காவிட்டால், கண்ணால் பார்த்ததை ஏற்றுக்கொள்ளலாம். அந்த ஒரு விலக்கை எழுதிய புண்ணியவான் யாரோ, அவருக்கு என் வணக்கம்.

அரக்னிட் கம்பெனியின் ஒரு வழக்கைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. 1980இல் இயந்திரத்தின் மின்னணு வேலைக்காக வெளியே ஒரு வடிவமைப்பு நிறுவனத்தை அமர்த்தினார்கள். கண்டுபிடிப்புகள் எல்லாம் அரக்னிட்டுக்குச் சொந்தம், உரிமைகள் எழுதிக்கொடுக்கப்படும் என்று ஒப்பந்தம். அந்த நிறுவனமோ காப்புரிமையை வேறொரு கம்பெனிக்கு எழுதிக்கொடுத்துவிட்டது. போட்டிக் கம்பெனியான மெரிட் அங்கிருந்து உரிமம் வாங்கி இயந்திரம் செய்தது. அரக்னிட் வழக்குப் போட்டுக் கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தது. 1991இல் மேல்முறையீட்டில் தோற்றது. காரணம்? 'எழுதிக்கொடுக்கப்படும்' என்றால் வருங்காலம், அது வாக்குறுதி. 'இதன்மூலம் எழுதிக்கொடுக்கிறோம்' என்றிருந்தால்தான் உரிமை கைமாறும். நம்மூர் பாஷையில் சொன்னால், அவர்கள் கையில் இருந்தது கிரய ஒப்பந்தம், கிரயப் பத்திரம் இல்லை. அமெரிக்காவில் காப்புரிமை வழக்கறிஞர்கள் இந்தத் தீர்ப்பை இன்றும் எடுத்துச் சொல்கிறார்களாம். வினைச்சொல்லின் காலத்தில் கோட்டை விட்டால் என்ன ஆகும் என்று நான் சேர்ந்த முதல் வருடம் என் தலைமை எழுத்தர் சொன்னதும் இதேதான், டார்ட்ஸ் இல்லாமல்.

வழக்கு எப்படிப் போனாலும் இயந்திரம் பரவியது. காசு போட்டால் ஆட்டம், கூட்டல் கழித்தலுக்கு ஆள் தேவையில்லை, புதிதாக வருபவர் வெட்கப்படாமல் ஆடலாம். ஆபரேட்டர்களே சேர்ந்து சங்கம் வைத்து லீக் நடத்தினார்கள். 15 முதல் 20 வரை உள்ள எண்களையும் நடுப்பொட்டையும் 'மூடும்' கிரிக்கெட் என்ற ஆட்டம் (நம் கிரிக்கெட்டுக்கும் இதற்கும் உறவில்லை) அங்கே 501க்குச் சமமாகப் பிடித்துப்போனது. அதற்குக் கணக்கு வைப்பது கொஞ்சம் சிக்கல், இயந்திரத்துக்கு அது ஒன்றுமில்லை. தூரம் எட்டு அடி. பலகை பழையதைவிடக் கொஞ்சம் பெரியது. அம்பு இலேசானது, தொடக்கத்தில் 18 கிராம் தாண்டக் கூடாது என்று வைத்திருந்தார்கள். எஃகு முனைக்காரர்கள் 50 கிராம் வரை எறியலாம்.

இன்னொன்று, குறியே மாறிப்போனது. நார்ப் பலகையில் நடுப்பொட்டு 50, அதைச் சுற்றிய வளையம் 25. பல மின்னணு ஆட்டங்களில் இரண்டுக்கும் 50. அதனால் அவர்கள் மும்மடங்கு இருபதை விட்டுவிட்டு நடுவையே குறிவைக்கிறார்கள். யாரோ ஒரு தச்சரோ கம்பி வேலைக்காரரோ 198 வரும்படி அடுக்கிய வட்டம் அப்படியே இருக்கிறது, ஆனால் அதன் சாமர்த்தியத்துக்கு வேலை குறைந்துவிட்டது. இது எனக்கு வருத்தம்தான்.

ஜப்பான்காரர்கள் அடுத்த படிக்குப் போனார்கள். செகா குழுமத்தின் டார்ட்ஸ்லைவ் இயந்திரங்கள் 2000களில் வலைத்தொடர்பில் வந்தன. ஆளுக்கொரு அட்டை, அதைச் செருகிவிட்டு ஆடினால் உங்கள் சராசரி, தரம் எல்லாம் எங்கோ ஒரு கணிப்பொறியில் ஏறிவிடும். ஒரு ஊரில் இருப்பவர் இன்னொரு ஊரில் இருப்பவரோடு, முகம் பார்க்காமல், அவரவர் கடையில் நின்று ஆடலாம். அது நடக்க வேண்டுமானால் கணக்கை இயந்திரம்தான் வைக்க வேண்டும். முன்பின் தெரியாதவர் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி நின்று 'நூற்று நாற்பது' என்று சொன்னால் யார் நம்புவார்கள்? இதைப் படித்தபோது என் பிடிவாதம் கொஞ்சம் தளர்ந்தது. ஒரே அறையில் இருந்தால் சாக்பீஸ் போதும். வேறு வேறு அறை என்றால் போதாது.

இரண்டு உலகத்திலும் பெயர் எடுத்தவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் பால் லிம். சிங்கப்பூர்க்காரர், தொழிலால் சமையல்காரர். உலக சாம்பியன் போட்டியில் ஒன்பது அம்பில் 501ஐ முதலில் முடித்தவர் இவர்தான், 1990 ஜனவரியில். கடைசி மூன்று: மும்மடங்கு இருபது, மும்மடங்கு பத்தொன்பது, இருமடங்கு பன்னிரண்டு. அதற்கு 52,000 பவுண்ட் கிடைத்தது. அந்த வருடம் கோப்பையை வென்ற பில் டெய்லருக்குக் கிடைத்தது 24,000. பிறகு லிம் பிளாஸ்டிக் முனைக்கு மாறி, 2011இல் தொடங்கிய உலகச் சுற்றுப் போட்டியில் முதல் சாம்பியன் ஆனார். 2017 டிசம்பரில், 63 வயதில், லண்டனில் மறுபடி எஃகு முனையோடு நின்றார். எட்டு அம்பு குறி தவறவில்லை. மீதி 24. அதே இருமடங்கு பன்னிரண்டு. மண்டபம் முழுக்க எழுந்து நிற்கிறது. அம்பு கம்பிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அந்தக் காட்சியை யூடியூபில் எத்தனை தடவை பார்த்தேன் என்று எண்ணவில்லை. தவறியதும் அவர் சிரிக்கிறார்.

பிரான்ஸ், ஸ்பெயின், ஜெர்மனி என்று ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் கடைகளைப் பெட்டி பிடித்துக்கொண்டது. இங்கிலாந்தில் மட்டும் நுழைய முடியவில்லை. தொலைக்காட்சியில் வரும் பெரிய போட்டிகளும் நார்ப் பலகையிலேயே நடக்கின்றன. 2025 தொடக்கத்தில் லூக் லிட்லர் என்ற பையன் 17 வயதில் உலக சாம்பியன் ஆனதும் அதில்தான். மேடையில் பலகைக்குப் பக்கத்தில் ஒரு நடுவர் நின்று, மூன்று அம்பையும் பார்த்த கணத்தில் மனசில் கூட்டி உரக்கச் சொல்கிறார். 180 வந்தால் அவர் அதை இழுத்துச் சொல்வதற்காகவே கூட்டம் காத்திருக்கிறது.

ஆனால் இப்போது நார்ப் பலகைக்கும் கண் வைத்துவிட்டார்கள். பலகையைச் சுற்றி ஒளி வளையம், அதில் சில கேமராக்கள்; எஃகு அம்பு எங்கே குத்தியிருக்கிறது என்று பார்த்துக் கணக்கைத் திரையில் போடுகிறது. பழைய பலகை, பழைய அம்பு, கீழே விழுந்தால் புள்ளி இல்லை என்ற பழைய விதியும் உண்டு. சாக்பீஸ் மட்டும் இல்லை. போன மாதம் பேரன் இதைத்தான் வாங்கியிருப்பதாக வீடியோவில் காட்டினான். "இப்ப சந்தோஷமா, தாத்தா?" என்று கேட்டுவிட்டு எறிந்தான். மும்மடங்கு பத்தொன்பது, ஒற்றை ஏழு, ஒற்றை மூன்று. திரையில் எண் வருவதற்குள் அறுபத்தேழு என்று சொல்லிவிட்டேன். போன் வழியாகப் பார்த்ததால் எனக்கு ஒரு வினாடி தாமதம் வேறு.